நடுச்சுவர்

(கன்னியாகுமரி ஜில்லாவின் கருங்கலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் இலக்கியத்தைச் சேர்ந்ததும் அன்று, சமயத்தைச் சேர்ந்ததும் அன்று. இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் சுவரையும், அந்தச் சுவரைக் கடந்து வரும் ஓசையையும், அவ்வோசையைத் தடுக்கும் உபாயங்களையும் பற்றியது. ஒரு சுவரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்கையில் கிடந்தபடியே அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் தொடர்கதையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, மாமியார் இன்னார், மருமகள் இன்னார் என்பதை முகம் பாராமலே குரலால் அறிந்துகொண்ட பாக்கியசாலிகள் இந்த அவையில் இருப்பார்களாயின், அவர்களுக்கு அந்தச் சந்தேகம் எழாது.

நம்முடைய பிரதேசத்தாருக்குப் பொதுச்சுவர் பரம்பரையாக வந்த பழக்கமன்று. தஞ்சைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும், ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவருமாக, தெரு முழுவதும் ஒரே கூரைத் தொடராக வீடுகள் எழுந்தன. நமக்குக் கிழக்கே சுசீந்திரத்திலும், நாகர்கோவில் வடிவீஸ்வரத்து அக்கிரகாரத்திலும் அத்தகைய வீடுகளை இன்றும் பார்க்கலாம். கல்குளத்தைத் தாண்டி இந்த விளவங்கோட்டுப் பக்கம் வந்தால் காட்சி மாறிவிடுகிறது. இங்கே ஒவ்வொரு வீடும் தன் புரையிடமாகிய தோட்டத்தின் நடுவே, தென்னையும் கமுகும் பலாவும் அயனியும் சூழத் தனித்து நின்றது. அயல்வீட்டில் உரல் இடிக்கும் ஓசை வந்தால், அது மரங்களுக்கிடையே நெடுந்தூரம் நடந்து களைத்து வந்து சேர்ந்தது. அடுத்த வீட்டில் கணவனும் மனைவியும் எதைப் பற்றி வாதித்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், விருப்பமுள்ளவர் வேலியருகே போய் நிற்கவேண்டியிருந்தது.

அந்தத் தனிமை குலைந்ததற்கு முதற்காரணம் பாகப்பிரிவினை என்பது என் அபிப்பிராயம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1925-ஆம் ஆண்டு நாயர் சமூகத்தாருக்கும், 1926-ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் ஏற்பட்ட சட்டங்கள், மருமக்கள்வழி எனப்பட்ட தாய்வழி முறையில் பிரிவுபடாது கிடந்த குடும்பச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள இடங்கொடுத்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தம் மருமக்கள்வழி மான்மியத்தில் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டிய துயரங்களுக்கு அச்சட்டங்கள் ஒரு பரிகாரம் என்பதில் ஐயமில்லை. தந்தைவழியான மக்கள் வழியில் வந்த குடும்பங்களிலும் அண்ணன் தம்பிமார் பிரிவது புதிதன்று. எப்படிப் பிரிந்தாலும், விளையையும் வயலையும் கயிறு பிடித்து அளந்து பிரிப்பதுபோல் ஒரு வீட்டைப் பிரிக்க இயலாதாகையால், பல இடங்களில் மூதாதையர் கட்டிய கூடத்தின் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி, இந்தப் பக்கம் மூத்தவருக்கு, அந்தப் பக்கம் இளையவருக்கு என்று தீர்மானித்தார்கள்.

அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதற்குத் தனி அஸ்திவாரம் கிடையாது. பழைய தரையின் மேலேயே எழுந்தது. மனஸ்தாபம் தீர்ந்தால் இடித்துவிடலாம் என்ற நம்பிக்கையினாலோ, செலவை யார் ஏற்பது என்ற வழக்கினாலோ, அதை நாலரை இஞ்சு கனத்துக்குமேல் யாரும் கட்டவில்லை. உத்தரத்தின் மட்டம் வரையில் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் கழுக்கோலும் ஓடும் இரு குடும்பத்துக்கும் பொதுவாகவே இருந்தன. பார்வையைத் தடுப்பதற்கு அது போதும். ஓசைக்கு அது ஒரு தடையே அன்று. பேச்சுவார்த்தை இல்லாமற்போன சகோதரர் இருவர், ஒருவர் இருமுவதை மற்றொருவர் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டே வாழ்ந்த வீடுகள் நம் நாட்டில் ஏராளம்.

இரண்டாவது காரணத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக ஜன நெருக்கம் மிகுந்த ஜில்லா நம்முடைய கன்னியாகுமரி. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறோம். புரையிடங்கள் ஐந்து சென்டாகவும் மூன்று சென்டாகவும் சுருங்கின. சந்தையையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டிக் கடைகளும், கடைகளுக்கு மேல் குடித்தனங்களும், வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வரிசை வீடுகளும் எழுந்தன. ஆகவே பொதுச்சுவர் இனிமேல் நம்மோடு இருக்கத்தான் போகிறது. அதைச் சரியாகக் கட்டுவது எப்படி என்பதே கேள்வி.

அதற்கு விடை காண, ஓசை சுவரைக் கடக்கும் விதத்தை முதலில் அறியவேண்டும். ஓசை என்பது காற்றின் அதிர்வு. அடுத்த வீட்டில் ஒருவர் பேசும்போது அவருடைய குரல் அவ்வறையின் காற்றை அசைக்கிறது. அசைந்த காற்று சுவரைத் தள்ளுகிறது. சுவர், கண்ணுக்குப் புலனாகாத அளவில், முன்னும் பின்னும் அசைகிறது. அசையும் சுவர் நம் அறையின் காற்றை அசைக்க, அது நம் செவியை வந்தடைகிறது. ஓசை சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். வாஸ்தவத்தில் சுவரே ஒரு பெரிய தோற்கருவியாகி, அந்தப் பக்கத்து வார்த்தையை இந்தப் பக்கத்தில் மறுபடி ஒலிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அசைப்பதற்குக் கடினமான சுவர் ஓசையைத் தடுக்கும். அசைப்பதற்குக் கடினமானது கனத்த சுவர். சுவரின் எடை இருமடங்கானால் தடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 5 அல்லது 6 டெசிபல் கூடும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி.

டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அளவு; பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவில் நிகழ்கிறது. இரு புறமும் பூசிய ஒன்பது இஞ்சுச் செங்கற்சுவர், சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குமேல் எடையுள்ளது. அது சுமார் 50 டெசிபலைத் தடுக்கும். ஒரு வீட்டின் கூடத்துக்கும் மற்றொரு வீட்டின் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவருக்கு நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு விதிக்கும் அளவும் 50 டெசிபலே. அறுபதில் ஐம்பது போனால் மிஞ்சுவது பத்து. இரவின் இயல்பான அரவமே இருபத்தைந்து முப்பது இருக்குமாகையால் அந்தப் பத்து அதில் அமிழ்ந்துவிடும். நல்ல பூச்சுள்ள நாலரை இஞ்சுச் சுவர் அதைவிட ஐந்தாறு டெசிபல் குறைவாகத் தடுக்கும். பூச்சில்லாத பொள்ளல் சிமெண்ட் கட்டியாலோ, மரப்பலகையாலோ அமைந்த தடுப்பு முப்பது முப்பத்தைந்தைத் தாண்டுவதே அபூர்வம். அங்கே மிஞ்சுகின்ற இருபத்தைந்து முப்பது டெசிபல், பேசப்படும் பொருள் இன்னது என்று கூர்ந்து கேட்பவருக்குத் தெரிவதற்குப் போதுமானது. நம் பழைய மரவீடுகளின் நிரைப்பலகைகள் காற்றோட்டத்துக்கும் அழகுக்கும் சிறந்தவை; பத்மநாபபுரம் அரண்மனையிலே அந்தத் தச்சு வேலையின் உச்சத்தைக் காண்கிறோம்; இரகசியம் பேசுவதற்கு மட்டும் அவை தகுந்தவை அல்ல.

இன்று நம் ஊர்களில் பரவிவரும் ஒரு வழக்கத்தை இங்கே கண்டித்தாக வேண்டும். சீக்கிரம் வேலை முடிகிறது, தூணுக்கும் உத்தரத்துக்கும் சுமை குறைகிறது என்ற காரணங்களைச் சொல்லி, ஏ.ஏ.சி. எனப்படும் எடை குறைந்த கட்டிகளைக் கொண்டு எல்லாச் சுவர்களையும் எழுப்புகிறார்கள். அந்தக் கட்டி கன மீட்டருக்கு 600 கிலோ அளவில்தான் நிற்கும். செங்கல்லோ அதைப்போல் மூன்று மடங்கு. ஒரே வீட்டின் அறைகளுக்கு நடுவே அதை வைப்பதில் குற்றமில்லை. அயல்வீட்டுக்கும் நமக்கும் நடுவே அதை ஆறு இஞ்சு கனத்தில் வைத்துவிட்டு, பிறகு ஓசை வருகிறதே என்று வருந்துவதில் நியாயமில்லை. நம் முன்னோர் வெட்டுக்கல்லாலும் மண்ணாலும் ஒன்றரை அடி கனத்தில் எழுப்பிய சுவர்களை, இடத்தை விழுங்குகின்றன என்று சொல்லி இடித்துத் தள்ளியபோது, அவற்றோடு சேர்த்து எதை இடித்தோம் என்பதை நாம் அறியவில்லை.

கனம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இந்தச் சொற்பொழிவில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதானால், அது இப்பொழுது சொல்லப்போவதாக இருக்கட்டும். வயலின் வரப்பை இரண்டடி அகலத்தில் எழுப்பிவிட்டு, அதிலே ஒரு நண்டுவளையை அடைக்காமல் விட்டவன் விடியும்போது காண்பது வறண்ட வயலைத்தான். ஓசையும் அவ்வாறே. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் கருங்கல்லால் ஆனதாக இருந்தாலும், அந்தச் சுவர் மொத்தத்தில் 20 டெசிபலுக்குமேல் தடுக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 30 டெசிபலே எல்லை. பத்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இஞ்சு இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏறத்தாழ அந்த நூற்றில் ஒரு பங்குதான். உத்தரத்தோடு நின்றுவிட்ட பாகப்பிரிவினைச் சுவரில் திறப்பு ஓர் இஞ்சன்று; மோட்டுவளை வரையில் முழுக் கூரையுமே திறப்பு. அத்தகைய வீட்டில் வாழ்கிறவர், சுவரில் எதை ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. முதலில் சுவரை ஓட்டின் அடிவரையில் உயர்த்தி, கழுக்கோல்களும் பட்டியல்களும் கடந்து செல்லும் இடங்களைச் சாந்தால் இறுக அடைக்கவேண்டும். அதன் பிறகுதான் மற்றெல்லாம்.

ஓட்டு வீட்டுக்கு மட்டும் உரிய குறை என்று மாடி வீட்டார் இதை ஒதுக்கிவிடலாகாது. அவர்களுடைய சுவரிலே வேறு வளைகள் உண்டு. கான்கிரீட் சட்டத்துக்கு நடுவே பிற்பாடு கட்டி நிரப்பிய சுவரின் மேல்வரிசைக் கல்லுக்கும் உத்தரத்தின் அடிக்கும் நடுவே சாந்து சரியாக இறங்குவதில்லை. பூச்சு அதை மூடி மறைக்கும், அடைக்காது. ஓராண்டுக்குள் அங்கே ஒரு விரிசல் ஓடியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மின்சார ஸ்விட்சுப் பெட்டிகளை இரு வீட்டாரும் சுவரின் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகக் குடைந்து வைத்தால், நடுவே மிஞ்சுவது ஒரு விரற்கடைச் சாந்துதான். விளக்கு மாடத்துக்கும் சுவர் அலமாரிக்கும் பொதுச்சுவரைக் குடைவது இன்னும் மோசம். ஒன்பது இஞ்சுச் சுவர் அந்த இடத்தில் மூன்று இஞ்சாகிவிடுகிறது. செங்கல் வரிசைகளின் செங்குத்து மூட்டுகளில் சாந்தை நிரப்பாமல், முகப்பில் மட்டும் தடவிவிட்டுப் போகும் கொத்தனாருடைய கைவேகத்தை மேற்பார்வை பார்ப்பவர் மெச்சக்கூடாது. இவை எல்லாவற்றையும் அடைப்பதற்கு ஆகும் செலவு, கடையில் விற்கும் எந்த ஒலித்தடுப்புச் சரக்கின் விலையையும்விடக் குறைவு.

அந்தச் சரக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவது, பஞ்சுப் பலகைகளை ஒட்டுவது, கம்பளங்களைத் தொங்கவிடுவது முதலிய யுக்திகளை யாரோ கற்பித்துக் கொடுக்க, நம் இளைஞர்கள் அவற்றை நம்பிச் செய்கிறார்கள். இங்கே இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன: ஓர் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது ஒன்று, அயலறை ஓசையைத் தடுப்பது மற்றொன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வாலஸ் சபைன் என்ற பௌதிக ஆசிரியர் 1895-ஆம் ஆண்டு ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். பாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுகிறவருடைய வார்த்தைகள் எதிரொலியில் மயங்கி யாருக்கும் விளங்காமற்போயின; அதற்குக் காரணம் காணவேண்டும். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் நாடகசாலையின் ஆசன மெத்தைகளை இரவில் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, மெத்தைகள் கூடக்கூட எதிரொலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதை அளந்து, கட்டட ஒலிநூல் என்னும் புதிய சாஸ்திரத்தையே ஸ்தாபித்தார். 1900-ஆம் ஆண்டு திறந்த பாஸ்டன் இசை மண்டபம் அந்தச் சாஸ்திரத்தின் முதற் பெரும் அத்தாட்சி. மெத்தை, பஞ்சு, துணி ஆகியவை ஓர் அறைக்குள் பிறந்த ஓசையை அவ்வறைக்குள் உறிஞ்சுகின்றன. அடுத்த அறையிலிருந்து சுவரை அசைத்துக்கொண்டு வரும் ஓசையின் எதிரே, எடையில்லாத பஞ்சு என்ன செய்யும்? பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1910-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தம் படுக்கையறையின் சுவர்களுக்கெல்லாம் தக்கை ஒட்டுவித்தார் என்பது இலக்கிய உலகம் அறிந்த கதை. அதற்குப் பின்னும் மேல்மாடிக் குடித்தனக்காரருக்கு ஓசையைப் பற்றி அவர் கடிதம் எழுதுவது நிற்கவில்லை. தக்கை இலேசான பொருள்.

கனமும் அடைப்பும் சரியாக அமைந்தபின் மூன்றாவது உபாயம் ஒன்றுண்டு, அது பிரித்தல். ஒன்பது இஞ்சுச் சுவரைப் பதினெட்டு இஞ்சாக்கினால் கிடைக்கும் லாபம் ஐந்தாறு டெசிபல்தான் என்று முன்பே கண்டோம். அதற்காக இடத்தையும் பணத்தையும் இழப்பது விவேகமன்று. அதற்குப் பதிலாக, முதற்சுவரைத் தொடாத இரண்டாவது ஒரு மெல்லிய சுவரை நம் பக்கத்தில் நிறுத்தினால், முதற்சுவரின் அசைவு நடுவிலிருக்கும் காற்றின் வழியாகவே இரண்டாவதை எட்டவேண்டியிருப்பதால் ஓசை வெகுவாகக் குறைகிறது. வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவு அறைகளை இந்தத் தத்துவத்தின் மேல்தான் கட்டுகிறார்கள். அறைக்குள் மற்றோர் அறை. வாசலில் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு கதவுகள். நம் நாகர்கோவிலில் 1984-ஆம் ஆண்டு வானொலி நிலையம் வந்ததே, அத்தகைய நிலையத்துக்குள் போனவர்கள் அந்த நிசப்தத்தை அனுபவித்திருப்பார்கள்.

வீட்டிலே இதைச் செய்யும் முறை இது. பொதுச்சுவரிலிருந்து ஓர் இஞ்சு விலகி, அதைத் தொடாமல், தரையிலும் மேற்றளத்திலும் மட்டும் பிடித்த இரும்புச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் இடையிலே ராக் உல் எனப்படும் பாறைக் கம்பளியை இரண்டு இஞ்சு கனத்தில் நிரப்பி, நம் பக்கத்தில் ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் மூட்டு மற்றோர் அடுக்கின் மூட்டின்மேல் வராதபடி அறைந்து, ஓரங்களை நெகிழும் பசையால் அடைக்கவேண்டும். அறையில் நாலு இஞ்சு குறையும். நன்றாகச் செய்தால் ஏறத்தாழ 10 டெசிபல் லாபம். பாறைக் கம்பளிக்குப் பதிலாக நம் நாட்டுத் தென்னந்தும்பை அழுத்திய பாய்களாகவும் வைக்கலாம். மின்கம்பி செல்லும் இடத்தை விட்டு விலக்கி, கறையானுக்கு மருந்திட்டு வைக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இந்த இடைவெளியில் பஞ்சுக்கு வேலை உண்டு. வெறுஞ்சுவரின் மேல்தான் அதற்கு வேலையில்லை. ஒரே ஓர் ஆணி சட்டத்தையும் சுவரையும் பிணைத்துவிட்டால் செய்த வேலையில் பெரும்பகுதி வீண். புதிதாகக் கட்டுகிறவர்கள் நாலரை இஞ்சுச் சுவர் இரண்டை நடுவே இடைவெளி விட்டு எழுப்பலாம். அப்போது உடைந்த செங்கல்லும் சிந்திய சாந்தும் இடைவெளியில் விழுந்து இரண்டையும் இணைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை சொன்னது காற்றின் வழியே வரும் ஓசை. திடப்பொருளின் வழியே வரும் ஓசையின் ஸ்வபாவமே வேறு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை அறியாதவர் இந்த அவையில் இருக்கமாட்டார்கள்; ஒரே கல்லில் குடைந்தெடுத்த மெல்லிய தூண்களில் ஒன்றைத் தட்டினால் இனிய நாதம் எழுகிறது. கருங்கல், தன்மேல் விழுந்த அடியை எளிதில் விழுங்குவதில்லை. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஓசை அதில் பத்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஆகவே காற்றின் ஓசையை மறிக்கும் அதே கனத்த சுவர், தன்னைத் தொட்டு இடிக்கும் ஓசையை அடுத்த வீட்டுக்குத் தாராளமாகக் கொண்டுசேர்க்கும். அம்மியைப் பொதுச்சுவர் ஓரத்தில் போட்ட காலத்தில் இந்த உபத்திரவம் இருந்தது. இன்று அதே ஓரத்தில் மிக்சியும் கிரைண்டரும், அதே சுவரில் அறைந்த தாங்கியில் தண்ணீர் மோட்டாரும் இருக்கின்றன. இதற்கு மருந்து சுவரில் இல்லை, ஓசையின் காலடியில் இருக்கிறது. கிரைண்டரைச் சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி வைத்து, அதன் கால்களுக்கு அடியில் அரை இஞ்சு ரப்பரை இட்டால் பாதி வழக்குத் தீரும். அரசு ரப்பர் கழகம் 1984-இல் ஏற்பட்ட ஜில்லாவில், கீரிப்பாறை முதல் குலசேகரம் வரையில் ரப்பர் மரம் நிற்கிற நாட்டில், இதற்கு அலையவேண்டியதில்லை. ஆனால் பாலை உறையவைத்துக் காயப்போட்ட பச்சை ஷீட்டை மடித்து வைக்காதீர்கள்; அது சில மாதங்களில் நசுங்கிப் பிசினாகிவிடும்; வார்த்துப் பதப்படுத்திய ரப்பரே வேண்டும். “அக்கா, கிரைண்டரக் கொஞ்சம் நீக்கிப் போடுங்க” என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னால், அவள் கேட்பது பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றிலும் இசைந்த கோரிக்கை.

மிகையாக எதிர்பார்ப்பவர்களுக்காகக் கார்லைலின் கதையைச் சொல்லுகிறேன். லண்டனில் செல்சியாப் பகுதியில் வரிசை வீடு ஒன்றில் 1834 முதல் வாழ்ந்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அடுத்த வீட்டுச் சேவல்களாலும் பியானோவாலும் துன்புற்று, 1853-ஆம் ஆண்டில் வீட்டின் உச்சியில், இரட்டைச் சுவர்களும் கூரை வழியே மட்டும் வெளிச்சமும் உள்ள ஓர் அறையைப் பெருஞ்செலவில் கட்டுவித்தார். அயலாரின் ஓசை குறைந்தது. அது குறைந்தவுடன், அதுவரை அதில் மறைந்திருந்த தூரத்து ரயிலின் ஊதலும் ஆற்றுப்படகுகளின் ஒலியும் கூரை வழியே வந்து அவரை வாட்டின. சேவலைக் கடிந்த அதே வாயால் அவர் கட்டடக்காரர்களையும் கடிந்தார். பிரஷ்யாவின் பிரெடெரிக் மன்னருடைய சரித்திரத்தை அவ்வறையில் இருந்துதான் எழுதி முடித்தார். பொதுச்சுவரைச் செப்பம் செய்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே அனுபவம் நேரும். புழுக்கம் மிகுந்த நம் நாட்டில் ஜன்னலை அடைத்துப் படுக்க முடியாதாகையால், இரு வீட்டு ஜன்னல்களும் பொதுச்சுவரின் முனையில் அருகருகே அமையாதபடி முதலிலேயே விலக்கி வைப்பது, அடைப்பதைவிட நன்று.

நியாயஸ்தலம் இதில் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. மனமறிந்து செய்யும் தொந்தரவுக்கு நிச்சயமாகப் பரிகாரம் தரும். லண்டன் பிரிக்ஸ்டனில், பொதுச்சுவரால் இணைந்த இரட்டை வீட்டின் ஒரு பகுதியில் கிறிஸ்டி என்ற குடும்பத்தார் சங்கீதம் கற்பித்து வந்தார்கள். மறுபகுதியில் இருந்த டேவி என்ற மரச்செதுக்கு வேலைக்காரர், அந்தச் சங்கீதம் பொறாமல், அவர்கள் வாசிக்கும்போதெல்லாம் சுவரில் இடித்தும், தட்டுகளை அடித்தும், சீட்டியடித்தும், கூச்சலிட்டும் பழிவாங்கினார். 1893-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற அந்த வழக்கில் நீதிபதி நார்த், சங்கீத போதனை குற்றமன்று, வேண்டுமென்று எழுப்பிய கூச்சலே குற்றம் என்று கண்டு டேவிக்குத் தடை விதித்தார். நம் நாட்டிலும், சென்னை கே.கே.ஆர். நகர்க் குடியிருப்பாளருக்கும் அருகிலிருந்த ஒரு தேவாலயத்துக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி நேர்ந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அவ்வாண்டே வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், தனியார் இடத்தில் வைத்த ஒலிக்கருவியின் ஓசை அவ்விடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்குமேல் மிகக்கூடாது என்றது.

ஆனால் குழந்தை அழுவதும், முதியவர் இருமுவதும், தாளிக்கும் ஓசையும், மாடிப்படியில் காலடியும் யார் குற்றம்? 1999-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சதர்க் நகரசபையின் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுடைய வழக்கை விசாரித்தது. முதல் உலகயுத்தம் முடிந்த காலத்தில் ஒலித்தடுப்பே இல்லாமல் கட்டிய அந்த வீடுகளில், அயலாரின் வாழ்க்கை முழுவதும் செவியில் விழுகிறது என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும், ஒரு வீட்டைச் சாதாரணமாக உபயோகிப்பதால் எழும் ஓசை தொந்தரவு என்னும் குற்றமாகாது என்று கூறி, வழக்குத் தொடுத்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். அது கடினமான தீர்ப்பாயினும் சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். இருமலுக்குத் தடையுத்தரவு வாங்க முடியாது. அன்றாட வாழ்க்கையின் ஓசைக்கு வக்கீலிடம் மருந்தில்லை. அது கொத்தனாருடைய காரியம். அதுவும் கட்டும்போதே முடியவேண்டிய காரியம்.

பொதுச்சுவர் இருவருக்கும் கூட்டு உடைமையாக இருந்தால், ஒருவர் மற்றவர் சம்மதமின்றி அதை இடிக்கவோ குடையவோ கூடாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். நம் பக்கத்தில் தனிச்சட்டம் நிறுத்துவதற்கு யார் சம்மதமும் வேண்டுவதில்லை. சுவரின் தலையைக் கூரைவரை உயர்த்துவதற்கு இருவர் சம்மதமும் வேண்டும். இருவரும் செலவைப் பங்கிட்டுக்கொள்வதே நியாயம், ஏனெனில் லாபமும் இருவருக்கும் சமமே. அயல்வீட்டு ஓசையால் நாம் படும் துன்பத்தை மட்டும் எண்ணுகிறோம்; அதே சுவரின் வழியாக நம்முடைய ஓசையும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகையால் இந்த ஆண்டில் வீடு கட்ட எண்ணியிருக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. வானம் தோண்டுவதற்கு முன்பே அடுத்த வீட்டாரை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். பொதுச்சுவர் ஒன்பது இஞ்சுக்குக் குறையாத செங்கல்லாகவோ வெட்டுக்கல்லாகவோ இருக்கட்டும். இரு புறமும் பூச்சு இருக்கட்டும். கூரையின் அடிவரையில் முட்டட்டும். அதில் அலமாரியும் மாடமும் ஸ்விட்சுப் பெட்டியும் குடையவேண்டாம் என்று படத்திலேயே எழுதிவைத்து, கொத்தனாரிடமும் மின்சார வேலைக்காரரிடமும் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.